பிடிபடாதவனின் சாட்சியம்

எழுபதுகளில், நான் பொள்ளாச்சியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, எங்கள் தெருமுனை வெல்ல மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதுகிற கிழவர் ஒருவர் இருந்தார். வியாழக்கிழமை சந்தை கலைந்த பிறகு மண்டித் திண்ணையில் ஐந்தாறு பேர் சேர்வார்கள். வெற்றிலை கைமாறும். யாராவது ஒருவர் தூண்டிவிட்டால் போதும், கிழவர் நீர்மூழ்கிக் கப்பல் கதையை ஆரம்பித்துவிடுவார். பினாங்கில் ஏறியது, ஒன்பது நாள் வெளிச்சம் பார்க்காதது, எண்ணெய் வாடையில் சோறு தொண்டையில் இறங்காதது, ஓர் இரவு மலபார்க் கரைக்கு எதிரே ரப்பர்ப் படகில் இறக்கிவிடப்பட்டது. சட்டைத் தையலுக்குள் பணம், மனசுக்குள் ரகசிய எழுத்து. கதை வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. ஒரு வியாழன் படகில் மூன்று பேர், மறு வியாழன் ஐந்து பேர். ஒரு தடவை சுறாவும் வந்தது.

"ஏனுங் அப்பாரு, போலீஸ் புடிக்கலீங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

"புடிச்சிருந்தா இங்க உட்காந்து உங்கூடப் பேசிக்கிட்டிருப்பனா கண்ணு?" என்றார். திண்ணை சிரித்தது.

பல வருஷங்கள் கழித்து அந்தக் கதையை நான் புத்தகத்தில் பார்த்தேன். அது அவருடையதல்ல. தூக்கிலிடப்பட்ட நான்கு பேருடையது.

அந்த நால்வரின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். தமிழில் இது அதிகம் பேசப்பட்டதில்லை. பேசப்பட்டபோதும் மாலை போட்ட படமாகத்தான்.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஒரு பிரிட்டிஷ் அதிகாரி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானிய மேஜர் ஃபூஜிவாரா அவர்களை காப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். ஒரு காலைப் பொழுதுக்குள் மூன்று கை மாறிய ராணுவம் உலகில் வேறெங்கும் இருந்ததா என்பது சந்தேகம். அந்த வருஷ நடுவில் பினாங்கில், ஃப்ரீ ஸ்கூல் கட்டிடத்தில், ஸ்வராஜ் இன்ஸ்டிட்யூட் என்று ஒரு பள்ளி தொடங்கியது. பொறுப்பு பினாங்கு வக்கீல் என். ராகவனுடையது. பிற்பாடு சுதந்திர இந்தியாவின் தூதராகச் சீனாவுக்குப் போன அதே ராகவன். மலேயாவில் வேலை பார்த்துவந்த இந்திய இளைஞர்களைச் சேர்த்து, உளவு, சங்கேதம், பிரசாரம் என்று சில வாரங்கள் சொல்லிக்கொடுத்தார்கள். சில வாரங்கள்தான். ஒரு சாம்ராஜ்யத்தின் போலீஸை ஏமாற்றுவதற்கு அது போதும் என்று யார் நினைத்தார்களோ, அவர்கள் யாரும் அந்தப் படகில் ஏறவில்லை.

செப்டம்பர் 18ல் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கியில் புறப்பட்டார்கள். திருவிதாங்கூரின் வக்கம் கிராமத்து அப்துல் காதர், அனந்தன் நாயர் உள்ளிட்ட ஐவர் 27ந் தேதி இரவு மலபாரில் தானூர்க் கரையில் இறங்கினார்கள். வங்காளி சத்யேந்திர சந்திர பர்தன், போனிபேஸ் பெரெய்ரா முதலானோர் அடங்கிய இன்னொரு குழு கத்தியவார்க் கரைக்குப் போயிற்று. பர்மா எல்லை வழியாக நடந்து வந்தவர்களும் உண்டு. தானூர்க் குழு கரையேறிய சூட்டோடு பிடிபட்டது. புதிய மனிதர்கள் கடற்கரையில் விடிந்து நின்றால் மீனவக் கிராமத்துக்குத் தெரியாமல் இருக்குமா? மற்றவர்களும் ஒவ்வொருவராக அகப்பட்டார்கள். ஏறக்குறைய இருபது பேரைச் சென்னையில் ஒரு விசேஷ நீதிபதி, இ. இ. மாக், மூடிய கதவுகளுக்குப் பின்னால் விசாரித்தார். அவர் முன்னால் இருந்த சட்டம் எதிரி ஏஜண்டுகள் அவசரச் சட்டம். அது 1943ஆம் வருஷத்தின் முதலாவது அவசரச் சட்டம். குற்றம் சாட்டப்பட்டவர்கள் கரையேறியதோ 1942 செப்டம்பரில். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வியாக்கியானம் தேவையில்லை. விசாரணையைப் பற்றிய தகவலை அனுமதியில்லாமல் வெளியிடுவதும் குற்றம் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது.

1943 ஏப்ரல் 1ல் தீர்ப்பு. ஐந்து பேருக்குத் தூக்கு. அப்பீலில் பெரெய்ராவுக்கு மட்டும் உயிர் மிஞ்சியது. காதர், அனந்தன், பர்தன், பஞ்சாபியான ஃபௌஜா சிங் ஆகிய நால்வரையும் செப்டம்பர் 10ல் சென்னை மத்திய சிறையில் தூக்கிலிட்டார்கள். காதருக்கு வயது இருபத்தாறு. முந்தின இரவு தகப்பனாருக்கு எழுதிய கடிதம் மலையாளத்தில் பலமுறை அச்சாகியிருக்கிறது. தன்னோடு ஓர் இந்துவையும் ஒரே நேரத்தில் தூக்கிலிட வேண்டுமென்று அவர் கேட்டதாகவும், அப்படியே அனந்தனோடு சேர்ந்து போனதாகவும் சொல்வார்கள். 1998ல் தபால்தலை போட்டார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிறையை 2009ல் இடித்தார்கள். இப்போது அங்கே மருத்துவக் கல்லூரிக் கட்டிடங்கள் நிற்கின்றன.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? பிடித்த போலீஸ்காரன் எழுதியதால், அரசாங்க வக்கீல் அடுக்கியதால், நீதிபதி தீர்ப்பெழுதியதால். ரகசியப் பணியின் சரித்திரத்தில் இந்த விபரீதம் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. பிடிபட்டவனுக்கு மட்டுமே சரித்திரம் உண்டு, அதையும் எழுதுகிறவன் எதிரி. பிடிபடாதவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவன். ஒழுங்காகச் செய்ததாலேயே அவனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வாக்குமூலம் என்பது நம் நூற்றாண்டு கண்டுபிடித்த ஓர் உரைநடை வடிவம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதில் பேசுகிறவன் "நான்" என்கிறான், ஆனால் வாக்கியம் ஸ்டேஷன் ரைட்டருடையது. காதரின் குரல் என்று நாம் நினைப்பதில் பாதிக்குமேல் இந்த ரைட்டரின் குரல். கடலில் வாந்தியெடுத்தது, பயந்தது, ஊர் மண்ணை இருட்டில் மிதித்தபோது கால் எப்படி உணர்ந்தது என்பதெல்லாம் குற்றத்தை நிரூபிக்கத் தேவைப்படாதவை. ஆகவே எழுதப்படவில்லை.

பினாங்குப் பள்ளியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1942 டிசம்பரில் ராகவனுக்குத் தெரியாமலே ஜப்பானியர் சில மாணவர்களை உளவுக்கு அனுப்பக் கொண்டுபோனார்கள். ராகவன் பள்ளியை மூடினார், வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அதே மாதக் கடைசியில் மோகன் சிங்கும் கைது. யாருடைய யுத்தம் இது, யாருடைய ஒற்றன் இவன் என்ற கேள்வியை முதலில் கேட்டவர்கள் இவர்கள்தான். சுபாஷ் போஸ் வந்த பிறகு, 1943 டிசம்பரில் மறுபடியும் ஒரு நீர்மூழ்கி கத்தியவார்க் கரையில் ஆட்களை இறக்கியது. போஸே கீலிலிருந்து ஜெர்மன் நீர்மூழ்கியில் புறப்பட்டு, மடகாஸ்கருக்குக் கீழே நடுக்கடலில் ரப்பர் மிதவையில் ஜப்பானியக் கப்பலுக்கு மாறி வந்தவர்தானே. அந்தச் சேனையில் நீர்மூழ்கி என்பது வெறும் வாகனமில்லை, ஐதீகம். எங்கள் கிழவர் ஏன் அந்தக் கப்பலில் ஏறினார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

இந்தக் கதைக்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே ஓர் எதிர்க்கதை இருக்கிறது. பொள்ளாச்சிக்கு வடக்கே இருபத்தைந்து மைலில் போத்தனூர் ஜங்ஷன். கிழக்கிலிருந்து கொச்சிக்குப் போகிற எந்த ரயிலும் அந்தக் காலத்தில் இந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் போகவேண்டும். 1943 பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதலில், கல்கத்தாவிலிருந்து நடுவயது வெள்ளைக்கார வியாபாரிகள் சிலர் விடுமுறைக்குப் போகிறவர்கள் போலக் கொச்சிக்கு ரயிலேறினார்கள். கல்கத்தா லைட் ஹார்ஸ் என்ற சேமப் படையைச் சேர்ந்தவர்கள். பாதி கிளப், பாதி பட்டாளம். பதினான்கு பேர் அவர்கள், கல்கத்தா ஸ்காட்டிஷ் படையினர் நான்கு பேர். கொச்சியில் 'ஃபீபி' என்ற ஓட்டைப் படகில் ஏறி, மார்ச் 9 இரவு, நடுநிலை வகித்த போர்ச்சுகலின் கோவாவில், மர்மகோவா துறைமுகத்தில் நின்ற 'ஏரன்ஃபெல்ஸ்' என்ற ஜெர்மன் கப்பலைத் தாக்கினார்கள். அதிலிருந்த ரகசிய ஒலிபரப்பி நம் கடலில் போகும் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குக் காட்டிக்கொடுப்பதாகச் சந்தேகம். கப்பல் தலைவர் கொல்லப்பட்டார். ஜெர்மானியர் தாங்களே கப்பல்களை மூழ்கடித்தார்கள். வியாபாரிகள் வீடு திரும்பி ஆபீசுக்குப் போனார்கள்.

சென்னையில் மாக் தீர்ப்பு வாசித்தது அதற்கு மூன்று வாரம் கழித்து. இருவரும் செய்தது சிவிலியன் உடையில் அந்நியக் கரையில் இறங்கியதுதான். முப்பத்தைந்து வருஷம் இந்தக் கோவா விஷயம் வெளியே வரவில்லை, பதக்கமும் கிடையாது. 1978ல் ஜேம்ஸ் லீஸர் அதைப் புத்தகமாக்கினார். 1980ல் கிரெகரி பெக், ரோஜர் மூர், டேவிட் நிவன் நடித்துச் சினிமாவாயிற்று. மலேயாக் காட்டில் மூன்று வருஷம் ஜப்பானியருக்கு எதிராக மறைந்து திரிந்த ஸ்பென்ஸர் சாப்மன் 1949லேயே தன் புத்தகத்தை எழுதிவிட்டார். நல்ல புத்தகம், மறுக்கவில்லை. ஆனால் வென்ற ராஜ்ஜியத்தின் ஒற்றன் காலம் கனிந்ததும் எழுத்தாளனாகிவிட முடிகிறது. அவன் ரகசியத்துக்கு ஒரு காலாவதி தேதி இருக்கிறது. நம்மவனுக்குத் திண்ணைதான் பிரசுராலயம்.

தமிழில் இந்த உலகத்தை உள்ளிருந்து எழுதியவர் ப. சிங்காரம். 'புயலிலே ஒரு தோணி' 1972ல் வந்தது, பல வருஷம் கவனிக்க ஆளில்லாமல் கிடந்தது. நாம் வீரகதை கேட்கிறபோதெல்லாம் கேட்பது சினிமாவை. அவர் காட்டிய சந்தேகமும் கசப்பும் கலந்த மனிதனை நமக்குத் திண்ணையில் உட்காரவைக்கத் தெரியவில்லை.

உள்ளூரில் ஒப்பிட வேண்டுமானால் சூலூர் இருக்கிறது. 1942 ஆகஸ்டில் போத்தனூருக்கும் சிங்காநல்லூருக்கும் இடையே ரயில் கவிழ்க்கப்பட்டது. மாதக் கடைசியில் ஓர் இரவு சூலூர் விமான தளத்துக் கொட்டகைகள் எரிந்தன. இதுவும் இரவில் நடந்தது, இதிலும் சத்தியம், சங்கேதம், காட்டிக்கொடுத்தவன் எல்லாம் உண்டு. ஆனால் இந்தக் கதை கோவை ஜில்லாவில் ஊர் ஊராக நிலைத்துவிட்டது. காரணம் எளிது. அது பத்து கிராமம் சேர்ந்து செய்தது. அடிபட்டதும் சிறைக்குப் போனதும் பத்து கிராமம். ஒருவன் மறந்தால் இன்னொருவன் திருத்துவான். தனியாகப் போய்த் தனியாக வந்தவனைத் திருத்த யாரும் இல்லை. அதனால்தான் சுறா வந்துவிடுகிறது.

கிழவரின் நிஜ விவரத்தை நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் துருவித் தெரிந்துகொண்டேன். கோபமாகத்தான் போனேன். பொய்யனை அகப்படுத்துகிற இருபது வயசின் ஆனந்தம். "அது வக்கம் காதர்ங்கறவரு கதைதானுங்களே?" என்றேன். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. "ஆமாங் கண்ணு. ரங்கூன் கேம்ப்ல அல்லாரும் சொல்லிக்கிட்டது. கப்பல் கதைன்னாத்தான இவிய உட்காந்து கேக்கறாங்க" என்றார்.

அவர் மலேயாத் தோட்டத்துக்குப் போனவரல்ல. தோட்டவேலை என்றால் பொள்ளாச்சிக்காரனுக்கு ஆனைமலை ஏறினால் வால்பாறை. கடல் தாண்டியவர்கள் சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்தவர்கள்தான் அதிகம். இவர் பிரிட்டிஷ் பட்டாளத்தில் லாரி ஓட்டப்போய் சிங்கப்பூரில் சரணடைந்தவர். ஃபேரர் பார்க்கில் உட்கார்ந்திருந்த தலைகளில் ஒன்று. இந்திய தேசிய ராணுவத்தில் பகதூர் குரூப் என்று ஒரு பிரிவு இருந்தது. கர்னல் புர்ஹானுத்தீன் தலைமை. ஊடுருவல், உளவு, எதிரிப் பக்கத்து இந்தியச் சிப்பாய்களை இழுப்பது ஆகியவை வேலை. 1944 ஏப்ரலில் மொய்ராங்கில் கொடியேற்றிய ஷௌகத் மாலிக் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர். கிழவரும் அதில்தான் இருந்தார். 1945 மே மாதம் ரங்கூனில் பிரிட்டிஷாரிடம் அகப்பட்டார். அவர்கள் தேசிய ராணுவத்தாரை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தார்கள். தேசத்தின் மேல் வைத்த பாசத்துக்கு ஏறுவரிசையில் கறுப்பு. இவர் சாம்பல். சில மாதத்தில் வெளியே விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்திய ராணுவம் இவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

1972 ஆகஸ்ட் 15ல், வெள்ளிவிழா வருஷத்தில், மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்தது. குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். தலைமறைவாக இருந்தவனுக்கும் உண்டு. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் அவன் தேடப்பட்டவனாக அறிவிக்கப்பட்டதற்கு, அல்லது தலைக்கு விலை வைக்கப்பட்டதற்கு, அல்லது கைதுக்கு உத்தரவு பிறந்ததற்கு ஆதாரம் காட்டவேண்டும். விதியை எழுதியவர்கள் கெட்டவர்களல்ல, போலித் தியாகிகளைத் தடுக்க வேறு வழியில்லை, போலிகளுக்கும் குறைவில்லை. ஆனால் விதியின் தர்க்கத்தைப் பாருங்கள். ஒளிந்திருந்ததற்குச் சாட்சி, தேடியவன். யாரும் தேடாத அளவுக்கு ஒருவன் திறமையாக ஒளிந்திருந்தால் அவன் ஒளியவே இல்லை. எங்கள் கிழவரின் காவல் ஆறு மாதத்துக்குச் சில வாரம் குறைவு. ஓர் அலுவலகத்தில் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நீர்மூழ்கிக் கதை தொடங்கியது என்று மண்டிக்காரர் என்னிடம் சொன்னார். அதற்கு முன் கிழவர் யுத்தத்தைப் பற்றி வாயே திறந்ததில்லையாம்.

"நீங்க நெசமா என்னங் செஞ்சீங்க?" என்று அன்றைக்குக் கேட்டேன். சுவாரஸ்யமில்லாமல் சொன்னார். 1944 மார்ச். தமுவிலிருந்து பலேல் போகிற மலைச்சாலை. அந்தச் சாலைகளில் அப்போது அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தாரும் தென்னிந்தியக் கூலிகளும் ஆயிரக்கணக்கில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கறுத்த மனிதன் ஒருவன் மண்வெட்டியோடு ஓரத்தில் நின்றால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். சீருடையைக் கழற்றிவிட்டு மூன்று பேரை அனுப்பினார்கள். வேலை, லாரி எண்ணுவது. எத்தனை மேலே போகிறது, எத்தனை கீழே வருகிறது. எழுதக் கூடாது. இடுப்புக் கயிற்றில் பத்துக்கு ஒரு முடிச்சு, வலப்பக்கம் மேலே போவது, இடப்பக்கம் கீழே வருவது. ஆறு நாள். கூடவந்த இருவரில் ஒருவனுக்கு நான்காம் நாள் பேதி கண்டது, அவனை விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. அவன் பெயரைச் சொன்னார், ஊரையும் சொன்னார், பிறகு கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வந்தபோது சொன்ன இடத்தில் யாரும் இல்லை. ஜப்பானியப் படை முன்னே நகர்ந்துவிட்டிருந்தது. எண்ணிக்கையை வாங்கிக்கொள்ள வேண்டிய அதிகாரியைக் கடைசிவரை அவர் பார்க்கவே இல்லை.

இதில் சுறா இல்லை, கப்பல் இல்லை. சந்தைத் திண்ணையில் இதைச் சொன்னால் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் பிற்பாடு அந்த யுத்தத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. ஜெனரல் ஸ்லிம், எல்லையில் நின்று சண்டைபோடாமல் தன் படைகளை இம்பால் சமவெளிக்கு இழுத்துக்கொண்டு, அங்கே வைத்து ஜப்பானியரை அடிப்பதென்று திட்டம் போட்டிருந்தார். தமு பக்கம் இருந்த இருபதாவது இந்திய டிவிஷன் அந்த மார்ச்சில்தான் பின்வாங்கி ஷெனாம் மலைக்கு வந்தது. ஜப்பானியர் அதைத் தங்கள் வெற்றியென்று எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்தார்கள். அந்த ஆறு நாட்களில் மேலே போன வண்டிகள் கீழே வந்தவற்றைவிட மிகுதியாக இருந்திருந்தால், சாமான்களை முன்கூட்டியே மூட்டைகட்டுகிறார்கள் என்று அர்த்தம். திட்டமிட்ட பின்வாங்கல் என்று அர்த்தம்.

நீர்மூழ்கிக் கதை ஒவ்வொரு வாரமும் மாறியதால் இதையும் சோதித்துப் பார்க்க நினைத்தேன். கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், ஏழெட்டு வருஷம் கழித்து ஊருக்கு வந்தபோது அவர் மண்டிக்கு வருவதை நிறுத்தியிருந்தார். வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தார், கண் சரியாகத் தெரியவில்லை. "அப்பாரு, அந்த லாரி எத்தனைங்?" என்றேன். யார் கேட்கிறது என்று விசாரிக்கவில்லை. முதல் தடவை சொன்னதையே சொன்னார்.

"மேல போனது நானூத்தி ஒண்ணு. கீழ வந்தது எரநூத்தி எம்பத்தி மூணு."